தையல் விட்ட வயிறு: காத்திருக்கச் சொல்வது தட்டிக்கழிப்பா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். அம்மாவின் வயிற்றுப் பிதுக்கத்துக்கு, சுவருக்கு ஒட்டுப்போடும் வலை வைக்கலாமா, தனியார் மருத்துவமனைக்குப் போகலாமா, பெல்ட் போட்டால் போதுமா என்று நீங்கள் அடுக்கியிருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: அம்மாவை அரசு மருத்துவமனையில் தட்டிக்கழிக்கிறார்களா? மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 57 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் குடல்வால் வெடித்து, அவசரமாக வயிற்றின் நடுவில் நீளவாக்கில் திறந்து அறுவை செய்தார்கள். காயத்தில் சீழ் வைத்து ஆறவே இரண்டு மாதம் பிடித்தது. இப்போது அதே தழும்பின் வழியே வயிறு பிதுங்குகிறது; தழும்புப் பிதுக்கம் (ஹெர்னியா) என்பது இதைத்தான். நின்றால் இரண்டு உள்ளங்கைகளாலும் மூடும் அளவு. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9.6. எடை 84 கிலோ. சிறப்பு மருத்துவர் பார்த்துவிட்டு, சர்க்கரையை 8-க்குக் கீழே கொண்டுவாருங்கள், எடையைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். தனியாரில் அடுத்த வாரமே முடித்துவிடுவார்கள் என்கிறார் உங்கள் அண்ணன். வலை உள்ளே அழுகிப் புற்றுநோய் வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

பினாங்கில் பல ஆண்டுகளாகப் பொது அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். என் பதில், தட்டிக்கழிக்கவில்லை என்பதே. அந்த ஆறு மாதம் சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலம் அன்று. அதுவே சிகிச்சையின் முதல் பாதி. ஆனால் அந்தக் காலத்தில் என்ன நடக்க வேண்டும், எதற்காக என்று உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. நெரிசலான கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அந்தக் கோபம் நியாயமானது. விளக்கத்தை இங்கே தர முயல்கிறேன்.

முதலில், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படுத்தாலும் உள்ளே போகாமல் புடைப்பு திடீரென இறுகிக் கல்லாகி வலித்தால், வாந்தி வந்தால், காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால், மேல்தோல் சிவந்தோ கருத்தோ தெரிந்தால், ஆறு மாதக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடல் வெளியே மாட்டிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அந்த நிலையில் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். உருட் (உடம்பு பிடித்துவிடும் மலாய் வைத்தியம்) செய்பவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் தடவி அமுக்கச் சொல்லாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் குடலைப் பலமாக உள்ளே தள்ளினால் அது வயிற்றுக்குள்ளேயே கிழியும். சும்மா இருக்கும் நாட்களிலும் புடைப்பின் மேல் உருட் வேண்டாம். அம்மாவின் புடைப்பு படுத்ததும் தானாக உள்ளே போகிறது என்பது நல்ல அறிகுறி. வாய் அகன்ற பிதுக்கத்தில் குடல் மாட்டுவது குறைவு, வாய் குறுகியதில்தான் அதிகம். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று பொருளல்ல; அதனால்தான் இந்த அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, வயிற்றில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கலாம். வயிற்றின் முன்புறத்தில் விலா எலும்பிலிருந்து அடிவயிறு வரை இரண்டு நேர்த்தசைகள் இறங்குகின்றன. நடுவில் அவற்றை இணைப்பது வெண்மையான ஒரு நார்ப்பட்டை. பக்கவாட்டில் மூன்று அடுக்குத் தசைகள் அந்தப் பட்டையை வலமும் இடமுமாக ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. குனிவது, இருமுவது, எழுவது எல்லாம் அந்த இழுப்பில்தான் நடக்கிறது. நடுவில் வெட்டித் தைக்கும்போது நாங்கள் தைப்பது அந்த நார்ப்பட்டையைத்தான். தோல் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். நார்ப்பட்டைக்குப் பழைய வலிமையின் பெரும்பகுதி திரும்பவே பல மாதங்கள் ஆகும், முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. அதற்கிடையில் சீழ் வைத்தால் நூல் பிடித்திருக்கும் திசுவே கரைந்து இளகிவிடும். ஓரங்கள் விலகியதும் பக்கத் தசைகள் தம் பங்குக்கு இழுத்து, இடைவெளியை ஆண்டுக்கு ஆண்டு அகலமாக்குகின்றன. குடல் வெளியே வருவது இதன் விளைவு மட்டுமே. மூல நோய் சுவரில் இருக்கிறது.

நடுவயிற்று அறுவை செய்துகொண்ட நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி ஆகிறது. எனவே அம்மா தண்ணீர் வாளி தூக்கியதால்தான் வந்தது என்று வீட்டில் யாராவது குறை சொல்லிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வெடித்த குடல்வால், அவசர அறுவை, காயத்தில் சீழ், உடல் பருமன், சர்க்கரை என்று ஐந்தும் ஒருசேர இருந்த வயிறு அது. அன்று தைத்த மருத்துவரைக் குறை சொல்லவும் அவசரப்பட வேண்டாம். தைக்கும் முறைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. 560 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நெருக்கமாகச் சிறு தையல்கள் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பெரிய தையல்கள் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் பிதுக்கம் வந்தது. ஆனால் அது திட்டமிட்டுச் செய்த அறுவைகளில் நடத்திய ஆய்வு. சீழ் நிரம்பிய வயிற்றுக்கு நள்ளிரவில் செய்யும் அறுவைக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

"திறந்து மறுபடி நன்றாகத் தைத்துவிட்டால் ஆகாதா?" என்று நோயாளிகள் கேட்கிறார்கள். ஆகாது. இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று. 2000-ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், வெறும் தையல் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கும் வலை வைத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கும் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்தது. அவர்களையே பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அது 63, 32 என்றானது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பிதுக்கங்கள்தான் என்பதையும் கவனியுங்கள். வலை வைத்தும் மூன்றில் ஒருவருக்குத் திரும்புகிறது என்றால் வலை மந்திரமல்ல என்பதும் அதே எண்ணிலிருந்து தெரிகிறது. அந்த ஆய்வுக்குப் பிறகு வலையை வைக்கும் இடமும் முறையும் நிறைய மாறியிருக்கின்றன. இன்றைய முடிவுகள் அதைவிட மேல் என்றே நம்புகிறேன். ஆனால் பத்தாண்டுகள் பொறுத்திருந்து எண்ணிப் பார்த்த கணக்கு புதிய முறைகளுக்கு அவ்வளவாக இல்லை.

வலையைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். பெரும்பாலான வலைகள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் பின்னியவை. பிளாஸ்டிக் வலையை வயிற்றுச் சுவருக்குப் பரவலாகக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர். அது 1950-களின் இறுதி. அன்றிலிருந்து உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு வைத்தாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் உடலுக்குள் அழுகுவதில்லை. அதனால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பின் வழியே வைத்த வலைகளால் பல பெண்கள் கடுமையாக அவதிப்பட்டார்கள். 2019-ல் அமெரிக்க அரசே அவற்றின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. அது வேறு இடம், வேறு திசு. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது எல்லா வலைக்கும் பொதுவாகிவிட்டது.

ஆனால் வலையால் தொல்லையே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய். டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு இதில் நேர்மையானது. ஐந்து ஆண்டுகளில், மீண்டும் வந்த பிதுக்கத்துக்காக மறு அறுவை செய்துகொண்டவர்கள் தையல் மட்டும் போட்டவர்களில் சுமார் 17 சதவீதம். திறந்து வலை வைத்தவர்களில் சுமார் 12. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் வைத்தவர்களில் சுமார் 11. அதே ஐந்து ஆண்டுகளில் திறந்து வலை வைத்தவர்களில் 5.6 சதவீதத்தினருக்கும் லேப்ராஸ்கோப்பியில் வைத்தவர்களில் 3.7 சதவீதத்தினருக்கும் வலையாலேயே சிக்கல் வந்தது: குடல் அடைப்பு, குடலில் துளை, ஆழமான சீழ். ஆண்டு கூடக்கூட அந்த எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. ஆகவே வலை வைப்பதன் ஆதாயத்தில் ஒரு பகுதியைக் காலம் தின்றுவிடுகிறது. அம்மாவின் நிலையில் இன்னும் வலையின் பக்கமே தராசு சாய்கிறது என்பது என் கருத்து. ஒன்றரை சென்டிமீட்டர் ஓட்டையோடு வரும் ஒல்லியான இளம்பெண்ணுக்கு இதே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

எந்த வலை என்பதைவிட எங்கே வைக்கிறார்கள் என்பது முக்கியம். கொழுப்புக்கு அடியில் தசைக்கு மேலே பரப்பலாம். எளிது, ஆனால் காயம் கெட்டால் முதலில் கெடுவது வலைதான். வயிற்றுக்குள்ளே, குடலைப் பார்த்தபடி ஒட்டலாம். லேப்ராஸ்கோப்பியில் வசதியானது, ஆனால் பின்னாளில் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. மூன்றாவது, பிரான்சின் அறுவை மருத்துவர்கள் ரீவ், ஸ்டோப்பா ஆகியோர் வழிவந்த முறை: நேர்த்தசைக்கும் அதன் பின்னுறைக்கும் நடுவே வைப்பது. குடலும் தொடாது, காயத்திலிருந்தும் தள்ளியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு உள்பக்கமாகப் போட்ட ஒட்டுப் போல, வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். பெரிய தழும்புப் பிதுக்கத்துக்கு முடிந்தவரை நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பெரும்பாலான வழிகாட்டல்களும் இதன் பக்கம் சாய்கின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும் செய்யும் உயிரியல் வலைகள் உண்டு. சில பிளாஸ்டிக் வலைகளிலும் குடல் ஒட்டாதிருக்க விலங்குக் கொலாஜன் (தோலில் இருக்கும் ஒரு புரதம்) பூசியிருப்பார்கள். முஸ்லிம் நோயாளிகளிடம் இதைச் சொல்லி அனுமதி கேட்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. மாட்டிறைச்சி தொடாத இந்து நோயாளிக்கும் அதே உரிமை உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அம்மாவுக்கு அது பொருட்டானால் முன்கூட்டியே கேளுங்கள். விலை அதிகமான உயிரியல் வலை உயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓரளவு மாசுபட்ட காயங்களிலேயே இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பிளாஸ்டிக் வலை வைத்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்கும், பன்றித் தோல் வலை வைத்தவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் திரும்பியது. சீழ் பிடிக்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஓர் எண். நீங்கள் எழுதியதில் அது இல்லை: ஓட்டையின் அகலம். வெளியே தெரியும் புடைப்பின் அளவு ஏமாற்றும். பெரிய புடைப்புக்குக் கீழே 4 சென்டிமீட்டர் வாயும் இருக்கலாம், 12 சென்டிமீட்டர் வாயும் இருக்கலாம். சிடி ஸ்கேன் எடுத்தால் துல்லியமாகத் தெரியும். ஐரோப்பிய வகைப்பாட்டில் 4-க்குக் கீழே, 4 முதல் 10 வரை, 10-க்கு மேல் என்று மூன்று படிகள். முதல் இரண்டில் பெரும்பாலும் நேர்த்தசைகளை நடுவில் கொண்டுவந்து சேர்த்து, பின்னால் வலை வைத்துவிட முடியும். 10-க்கு மேல் போனால் இழுத்துப் பிடித்துத் தைப்பது கெடுதல். சுவரையே தளர்த்தித் திருத்தி அமைக்க வேண்டும். பக்கத் தசை அடுக்குகளில் ஒன்றை அதன் விளிம்பில் விடுவித்து, மற்றவை நடுவை நோக்கி நகர வழிசெய்வதுதான் அது. ராமிரெஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1990-ல் இதை விவரித்தார். வெளி அடுக்கை விடுவித்தால் இடுப்பு மட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்வரை நகர்த்தலாம் என்று காட்டினார். அதற்காகத் தோலையும் கொழுப்பையும் அகலமாகப் பிரிக்க வேண்டியிருந்ததால் காயங்கள் கெட்டன. 2012-ல் நோவிட்ஸ்கி என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை பின்பக்கத்திலிருந்து உள் அடுக்கை விடுவிக்கிறது. தோலைத் தொடாததால் காயத் தொல்லை குறைவு. ஆனால் தவறான கோட்டில் வெட்டினால் பக்கச் சுவரே செயலிழக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்பவரிடம் செய்துகொள்ள வேண்டிய அறுவை அன்று அது.

இன்னும் பெரியதாகி, குடலில் கணிசமான பங்கு வெளியிலேயே குடியேறிவிட்டால், உள்ளே திரும்ப அதற்கு இடமே இருக்காது. பலவந்தமாக உள்ளே அடைத்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சுத் திணறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அப்படிப்பட்டவர்களுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பக்கத் தசைகளில் போட்டாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்துகிறார்கள். ஆம், முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். வயிற்றுக்குள் தினமும் சிறிது காற்று செலுத்தி இடத்தைப் பெருக்கும் முறையும் உண்டு. 1940-களில் அர்ஜென்டினாவில் கோனி மொரேனோ என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. போட்டாக்ஸ் தசையை நீளமாக்குகிறது என்பது ஸ்கேனில் தெரிகிறது. பிதுக்கம் திரும்புவதை அது எவ்வளவு தடுக்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. படுத்தால் முழுவதும் உள்ளே போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் அம்மா இந்த நிலைக்கு வரவில்லை என்றே எண்ணுகிறேன்.

இப்போது அந்த ஆறு மாதத்துக்கு வருகிறேன். முதல் திருத்த அறுவைதான் மிகச் சிறந்த வாய்ப்பு. அது தோற்றால் அடுத்த முறை தழும்பு கூடியிருக்கும், ஓட்டை அகன்றிருக்கும், உள்ளே பழைய வலை இருக்கும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மோசமான நிலத்தில் இறங்குகிறோம். முதல் வாய்ப்பைக் கெடுப்பவற்றில் முதலிடம் காயத்தில் வரும் சீழுக்கு. அம்மாவுக்கு ஒருமுறை சீழ் வைத்தாகிவிட்டது. சர்க்கரை 9.6-ல் இருக்கும்போது வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, காயம் மெதுவாக ஆறும். அந்த நிலையில் வலையை வைத்து அதில் சீழ் பிடித்தால், அதை எடுப்பது வைத்ததைவிடப் பெரிய அறுவை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். நம்மவர் விஷயத்தில் இந்தப் பேச்சு எப்போதும் வருவதற்குக் காரணம் அதுதான். அம்மாவைத் தனியாகக் கடிந்துகொள்வதற்காக அன்று.

இதில் எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை? சர்க்கரையும் பருமனும் புகையும் காயத்தைக் கெடுக்கின்றன என்பது உறுதி. 8 என்ற கோடு நடைமுறைக்காகப் போட்டது, 7.9-க்கும் 8.2-க்கும் நடுவில் மதில் ஒன்றும் இல்லை. அம்மா 8.3-க்கு வந்து எடையும் குறைந்திருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் கதவை அடைக்க மாட்டார்கள். எடையைக் குறைத்தால் முடிவு மேம்படுமா என்பதில் ஆதாரம் நான் விரும்பும் அளவுக்கு வலுவாக இல்லை. பருமனான 118 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முறையாகத் தயார்செய்யப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் பிதுக்கமும் சிக்கலும் இன்றி இருந்தார்கள். மற்றவர்களில் 48 சதவீதம். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்திருந்தது. குறைத்த எடையும் திரும்பியிருந்தது. எனவே அம்மாவிடம் இருபது கிலோ குறைக்கச் சொல்லி வதைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாறு கிலோ, கட்டுக்குள் வந்த சர்க்கரை, நடந்து பழகிய கால்கள், நன்றாக மூச்சிழுக்கும் நுரையீரல் இருந்தால் போதும். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டால் இவற்றில் எதுவும் வராது. அரசு சுகாதார கிளினிக்கில் மருந்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள், உணவு ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள். ஊசி போட வேண்டும் என்றால் அம்மா பயந்து தள்ளிப்போட வேண்டாம். அறுவைக்கு முன் சில மாதங்களுக்கு இன்சுலின் என்பது தோல்வி அல்ல. டின் பால் ஊற்றிய தேநீரை மட்டும் நிறுத்தியதில் பெரிய மாற்றம் கண்ட நோயாளிகள் எனக்கு உண்டு.

யாரும் கேட்காத இரண்டை நான் கேட்பேன். அம்மாவுக்கு இருமல் இருக்கிறதா? இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில் போன்ற மருந்து சாப்பிடுபவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் ஓயாமல் இருக்கும். புதிதாகத் தைத்த சுவருக்கு இருமலைவிடப் பெரிய எதிரி இல்லை. மருந்தை மாற்றினால் சில வாரங்களில் அடங்கிவிடும். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தது, வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா? புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வாயில் அடக்கும் புகையிலையிலும் நிகோட்டின்தான் இருக்கிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். பெல்ட்டைப் பற்றிச் சொல்வதானால், நிற்கும்போது சுமை குறைந்து ஆறுதலாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். அது ஓட்டையை மூடாது, வளர்வதை நிறுத்தும் என்பதற்கும் ஆதாரமில்லை.

அண்ணன் சொல்லும் தனியார் யோசனையை நான் ஒதுக்கவில்லை. கட்டடம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை ஒன்றே: சிடி பார்த்தீர்களா, அகலம் எவ்வளவு, வலையை எந்த இடத்தில் வைப்பீர்கள், ஏன், நேர்த்தசைகளை நடுவில் சேர்க்க முடியுமா, முடியாவிட்டால் என்ன செய்வீர்கள், இந்த வகை அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுப்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. கோலாலம்பூரிலும் இங்கும் விளம்பரப்படுத்தும் ரோபோ அறுவையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டபோது ரோபோவில் அறுவை நேரமும் செலவும் கூடின, மருத்துவமனை நாட்கள் குறையவில்லை. சிக்கலான சுவர்த் திருத்தங்களில் அதற்கு இடம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நிரூபணமான ஆதாயம் என்று விற்பதை ஏற்க முடியவில்லை. பணத்தைப் பொறுத்தவரை, தனியாரில் வலை, மயக்க மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்க நேர்ந்தால் ஆகும் செலவு எல்லாம் சேர்ந்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் சில வலைகளை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டிவரலாம். சிரமம் என்றால் அங்கேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைப் பார்க்கலாம். உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறுவைக்குப் பிறகு மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். தாதி வந்து மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார், வலித்தாலும் செய்ய வேண்டும். தோலுக்கடியில் நீர் கோப்பது சகஜம், பெரும்பாலும் தானே வற்றும். உணவில் நம் வீடுகளின் பத்தியம் எனக்குப் பெரிய தலைவலி: முட்டை கூடாது, கோழி கூடாது, இறால் கூடவே கூடாது என்று வெறும் ரசச் சோற்றில் வைத்துவிடுகிறார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டையும் கோழியும் சீழை உண்டாக்குவதில்லை. விரால் மீன் சூப் கொடுக்கலாமா என்று எல்லா இனத்தவரும் கேட்கிறார்கள். தாராளமாக, அது நல்ல புரதம், அற்புத மருந்து என்று மட்டும் சொல்ல மாட்டேன். பாரம் தூக்குவதை ஆறு வாரம் தவிர்க்கச் சொல்வது வழக்கம், பெரிய சுவர்த் திருத்தத்துக்கு மூன்று மாதம். இந்த எண்களுக்குப் பின்னால் கறாரான ஆய்வுகள் இல்லை, எங்கள் எச்சரிக்கைதான் இருக்கிறது. வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்க வேண்டும் என்று அம்மா நேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிதுக்கத்தோடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைச் சுமையோடு ஏறுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நேர்த்திக்கடனை ஓராண்டு தள்ளிவைக்கலாம், அல்லது அம்மாவுக்காக நீங்கள் எடுக்கலாம்.

கடைசியில் உங்களைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எழுந்து உட்காரும்போது வயிற்றின் நடுவில் மேடு தெரிவது பெரும்பாலும் நேர்த்தசைகள் விலகியதால்; நார்ப்பட்டை மெலிந்திருக்கிறது, ஓட்டை இல்லை, குடல் மாட்டாது. உடற்பயிற்சி சிகிச்சையாளரை (பிசியோதெரபிஸ்ட்) பாருங்கள், பலருக்கு அதுவே போதும். தொப்புளில் தனியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் மட்டும் காட்டுங்கள்.

அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. இந்தப் பதில் முழுவதும் நீங்கள் எழுதிய வரிகளை நம்பி எழுதியது. அடுத்த சந்திப்பை ஆறாவது மாதத்துக்கு விட்டுவிடாமல், மூன்றாவது மாதம் எச்பிஏ1சி மறுபடி பார்த்ததும் அந்த முடிவோடு முன்கூட்டித் தேதி கேளுங்கள், சிடி ஸ்கேனுக்கும் கேளுங்கள். பழைய அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்து அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி வையுங்கள்; எந்தக் குடல் எங்கே ஒட்டியிருந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள், அடுத்தவருக்கு அது பெரிய உதவி. சிடி அறிக்கை வந்ததும் அகலத்தை இங்கே எழுதுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலோ, தோல் மெலிந்து புண்ணாகத் தொடங்கியிருந்தாலோ மேலே சொன்னவற்றில் சில மாறும், ஆறு மாதக் கணக்கும் அவற்றில் ஒன்று.